துரை போகாத நாட்டில் ஒரு கெட்டிமேளம்

கொக்கரைநாடு என்று ஒரு நாடு இருந்தது. நாடு என்று அந்த ஊர்க்காரர்கள்தான் சொல்லிக்கொண்டார்கள். நமக்கென்ன, நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். அங்கே ஒருவர் தும்மினால் பக்கத்து நாட்டுக்காரர் நூறாயுசு என்று வாழ்த்துவார், அவ்வளவுதான் விஸ்தீரணம். ஆனாலும் ராசா ஒருவர், மந்திரி ஒருவர், சுற்றிலும் எல்லைக்கற்கள் என்று எதிலும் குறை வைக்கவில்லை. தவில் ஒன்று இருந்தது. அதை வாசிக்கச் சிங்காரம் என்று ஒருவன் இருந்தான்.

சிங்காரத்துக்கும் காத்தாயிக்கும் கல்யாணம் நிச்சயமாகி, காத்தாயி வீட்டு வாசலில் பூவரசங்கிளையைப் பந்தக்காலாக நட்ட அன்றைக்குத்தான் வெள்ளைக்காரத் துரை அந்த நாட்டை ஆள வந்து சேர்ந்தார். சிங்காரம் சந்தோஷம் தாங்காமல் தவிலைத் தூக்கி மாட்டிக்கொண்டு வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான். துரையின் குதிரை மிரண்டது. துரை சேற்றில் விழுந்தார்.

தமிழ் படித்துவிட்டு வந்த துரை அவர். எழுந்து, சுற்றி நின்றவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "பாவம், நாகரிகம் தெரியாத ஜனங்கள். மெல்ல மெல்லத்தான் திருத்தணும்" என்றார். பிறகு முதல் உத்தரவைப் போட்டார். "நான் இந்த நாட்டை விட்டுப் போற வரைக்கும் மேளச்சத்தம் என் காதுக்கு வரக்கூடாது!"

தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்டியாக வேண்டுமே! சிங்காரம் ராசாவிடம் ஓடினான். ராசா மந்திரியைப் பார்த்தார். மந்திரி தாண்டவராயர்தான் அந்த நாட்டிலேயே அதிகம் யோசிப்பவர். யோசித்தார்.

"உத்தரவை நல்லாக் கவனிங்க, மகாராசா. மேளம் கொட்டக்கூடாதுன்னு துரை சொல்லலை. அவர் காதுக்கு வரக்கூடாதுன்னுதான் சொன்னார். சீர்பண்ண வேண்டியது மேளத்தை இல்லை, காதை."

அன்று மத்தியானம் துரை தூங்கும்போது ராசா ஒரு காதையும் மந்திரி மறு காதையும் பிடித்துக்கொள்ள, சிங்காரம் இலவம்பஞ்சைத் திணித்தான். வேலை சுத்தமாக இருக்கட்டும் என்று கொஞ்சம் மெழுகையும் உருக்கி ஊற்றினார்கள். துரை போட்ட கூச்சலுக்கு முன்னால் தவில் எம்மாத்திரம்! "தூங்கும்போது என்னை எவன் எழுப்பினாலும் தோலை உரிச்சிடுவேன்!" என்பது இரண்டாவது உத்தரவானது.

அதற்குள் கோயில் திருவிழா வந்துவிட்டது. மேளம் இல்லாமல் சாமி எப்படிப் புறப்படும்? மந்திரி மறுபடி யோசித்தார். அவர் சொன்னபடி, தோலுக்கு ஒரு விரற்கடை மேலேயே கையை நிறுத்தி வாசிக்கப் பழகினான் சிங்காரம். வியர்த்து விறுவிறுத்து, தலையை ஆட்டி ஆட்டி, சத்தமே இல்லாமல் வாசித்தான். கரகம் எடுத்தவர்கள் அவன் கையைப் பார்த்து ஆடினார்கள். போகப் போக அதற்கும் ரசிகர்கள் கூடினார்கள். "இன்னைக்குக் கொஞ்சம் சத்தமா வாசிச்சுட்டான், போன வருஷ நயம் இல்லை" என்று குறை சொல்லும் அளவுக்கு அவர்கள் காது தேறிவிட்டது.

காத்தாயி மட்டும் மசியவில்லை.

"கெட்டிமேளம் என் காதுல விழாம நான் கழுத்தை நீட்டமாட்டேன். ஊமைத் தவிலுக்குத் தாலி வாங்கிக்கிட்டு, ஊமைக் குடித்தனமா நடத்தறது?" என்றாள்.

மற்றப் பெண்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. நாட்டில் கல்யாணமே நின்றுபோனது. காத்தாயி வீட்டுப் பந்தக்கால் வேர்விட்டுத் துளிர்த்து, மரமாகி, ஆடு கட்ட நிழல் கொடுத்தது. சிங்காரத்துக்குக் காதோரம் நரைத்தது. அந்த மரத்தைக் கடக்கும்போதெல்லாம் அவனுக்கு அழுகையாக வரும்.

ஒரு நாள் துரை ஒரு முழுப் பலாப்பழத்தைத் தனியாளாகத் தின்று தீர்த்துவிட்டுப் படுத்தார், எழுந்திருக்கவில்லை. அரண்மனைக்குப் பின்னால் இலுப்பை மரத்தடியில் புதைத்தார்கள். சிங்காரம் மரியாதையாக ஊமைத் தவில் வாசித்தான்.

கொஞ்ச நாளில் பக்கத்து நாட்டில் வேட்டுச் சத்தம் கேட்டது. அங்கிருந்து ஒரு மிட்டாய்க்காரர் தட்டோடு ஓடி வந்தார். ரொம்ப நாளாகப் பெண் தேடிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

"வெள்ளைக்காரன் எல்லா நாட்டையும் விட்டுப் போயிட்டான்! சுதந்திரம் வந்தாச்சு! எடுத்துக்குங்க!"

சிங்காரம் தவிலை எடுக்கப் பாய்ந்தான். மந்திரி அவன் கையைப் பிடித்தார்.

"உங்க துரை போயிட்டார், சந்தோஷம். எங்க துரை போகலையே. இலுப்பை மரத்தடியிலதானே இருக்கார்?"

ராசா ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு சபையைக் கூட்டினார்.

"தோண்டி எடுத்து எல்லைக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வந்திடலாமே?" என்றான் சிங்காரம்.

ராசா நடுங்கினார். "அவரை எழுப்பறதா? தோலை உரிச்சிடுவார்டா! மறந்துட்டியா?"

"மரியாதையாக் கேட்டுப் பார்க்கலாம்" என்றார் மந்திரி.

எல்லோரும் கல்லறைக்குப் போனார்கள். ராசா தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "துரை அவர்களே, தாங்கள் எப்போ புறப்படறதா உத்தேசம்?" என்று கேட்டார். பதில் இல்லை. வழிக்கு வேண்டுமே என்று புளிச்சோறு கட்டி வைத்தார்கள். மறுநாள் போய்ப் பார்த்தால் இலைதான் கிடந்தது.

"சாப்பிடறார். ஆனா கிளம்பற எண்ணம் இல்லை" என்றார் ராசா.

இதைக் கேட்ட காத்தாயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சபைக்கே வந்துவிட்டாள். "நல்லாக் கேட்டுக்குங்க. இந்தத் தை முடியறதுக்குள்ள கெட்டிமேளம் கொட்டலைன்னா நான் அந்த மிட்டாய்க்காரரையே கட்டிக்கிறேன். அவங்க நாட்டுல மேளமும் இருக்கு, மிட்டாயும் இருக்கு."

சிங்காரத்துக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆயுசில் முதல் தடவையாக அவனே யோசித்தான். யோசித்ததில் லேசாகக் காய்ச்சல் கண்டது. ஆனால் வழியும் கிடைத்தது.

"மகாராசா, துரை நாட்டை விட்டுப் போகமாட்டார். நாடு துரையை விட்டுப் போகலாமில்லையா?"

"நாட்டுக்கு ஏதுடா கால்?"

"கால் வேண்டாம், கல் போதும். எல்லைக்கல்லைப் பேர்த்துக்கிட்டு வந்து துரையைச் சுத்தி நட்டுட்டா, அவர் எல்லைக்கு அந்தப் பக்கம் போயிடுவார். தூக்கமும் கலையாது."

மந்திரிக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது. ஆணும் பெண்ணுமாகக் கிளம்பிப் போய், நாலா பக்கத்து எல்லைக்கற்களையும் ஒன்று விடாமல் பெயர்த்து உருட்டி வந்து, கல்லறையைச் சுற்றி நெருக்கமாக நட்டார்கள். கடைசிக் கல்லை நட்டதும் மந்திரி முகத்தில் ஒரு கவலை தெரிந்தது.

"மகாராசா, கல்லுக்கு அந்தப் பக்கம் துரை. இந்தப் பக்கம் நம்ம நாடு. அது இப்ப எதுவரைக்கும் போகுது?"

"இது என்ன கேள்வி? அடுத்த எல்லைக்கல் வரைக்கும்."

"அடுத்த கல்லே இல்லையே. எல்லாத்தையும் இங்கேல்ல நட்டுட்டோம்?"

ராசா வடக்கே பார்த்தார். தெற்கே பார்த்தார். "அப்ப பக்கத்து நாடு?"

"நம்மளுது."

"கடல்?"

"நம்மளுதுதான்."

"கடலுக்கு அப்பால லண்டன்?"

"அங்கேயும் நாம கல் நடலையே, மகாராசா."

ராசாவுக்குத் தலை சுற்றியது. "ஐயையோ! அவ்வளவு பேருக்கும் கல்யாணச் சாப்பாடு போடணுமேடா!"

"சொல்லி அனுப்பினாத்தானே வருவாங்க" என்று சிங்காரம் சமாதானம் சொன்னான். அவனுக்கு அவன் அவசரம்.

தையிலேயே முகூர்த்தம் வைத்தார்கள். பூவரச மரத்தடியில் ஊரே கூடியது. மிட்டாய்க்காரரும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்; எதற்கும் இருக்கட்டும் என்று பட்டுவேட்டி கட்டியிருந்தார்.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று ராசா கத்தினார்.

எல்லோரும் தவில்காரனைத் தேடித் திரும்பினார்கள். தவில்காரன் மணையில் மாப்பிள்ளையாக உட்கார்ந்திருந்தான். ஒருவருக்கும் இது முன்னால் தோன்றியிருக்கவில்லை. ஓடிப்போய்த் தவிலைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தார்கள்.

சிங்காரம் கையை ஓங்கினான். பழக்கதோஷம், கை தோலுக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றுவிட்டது. பழைய ரசிகர்கள் "ஆகா!" என்றார்கள்.

"யோவ், அடிய்யா!" என்றாள் காத்தாயி.

கண்ணை மூடிக்கொண்டு ஓர் அடி அடித்தான். இலுப்பை மரத்துக் காக்கைகள் அத்தனையும் பறந்தன. ரசிகர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். ராசா குழந்தை மாதிரி அழுதார். இத்தனை வருஷம் கைக்குள்ளேயே கிடந்த சத்தம் எல்லாம் வெளியே வர, கண்ணீர் தவில்மேல் சொட்டச் சொட்ட வாசித்தான் சிங்காரம்.

"தாலியைக் கட்டு!" என்றார் மந்திரி.

சிங்காரம் கையை எடுத்துத் தாலியைத் தொட்டான். மேளம் நின்றது.

"மேளம் நின்னுபோச்சு! கட்டாதே!"

தாலியை வைத்துவிட்டுத் தவிலைக் கொட்டினான்.

"மேளம் கேட்குது! கட்டு!"

இப்படியே கட்டு, கட்டாதே என்று முகூர்த்தம் கரைந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் மிட்டாய்க்காரர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். காத்தாயி அதைப் பார்த்தாள். சிங்காரத்தைப் பார்த்தாள். "நீ கொட்டுறதை நிறுத்தாதே" என்று சொல்லிவிட்டு, தாலியை எடுத்து அவன் கழுத்திலேயே மூன்று முடிச்சும் போட்டாள்.

மேளம் ஒரு அடிகூடத் தவறவில்லை. மந்திரிக்குப் பரம திருப்தி.

அன்றிலிருந்து கொக்கரைநாட்டில் தாலி ஆம்பிளை கழுத்தில்தான். வெளியூர்க்காரர் யாராவது சிரித்தால் அந்த நாட்டுக்காரர்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "இது ஒண்ணும் துரை கொண்டுவந்த பழக்கம் இல்லை. எங்க பாட்டன் பூட்டன் காலத்து முறையாக்கும்" என்பார்கள்.

ராசா அதோடு விடவில்லை. குடிகள் எல்லோருக்கும் ஒரே முறைதானே இருக்க வேண்டும்? சிங்காரத்தைக் கடல் இருக்கிற திசையைப் பார்த்து நிற்க வைத்து, லண்டனிலும் இனி மாப்பிள்ளை கழுத்தில்தான் தாலி என்று தவில் கொட்டி அறிவிக்கச் சொன்னார். அவன் கொட்டி அறிவித்தான். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தார்கள்.

"ஏதாவது பதில் வருதா?"

"ஒண்ணும் காணோம், மகாராசா."

ராசா பெருமூச்சு விட்டார்.

"பாவம், நாகரிகம் தெரியாத ஜனங்கள். மெல்ல மெல்லத்தான் திருத்தணும்."