எருமைக்குப் புரியாத இடம்

அந்தக் காலத்தில், விலங்குகள் பேசித் திரிந்த நாளில், ஏரிக்கரையில் வாராவாரம் கணிதக் கருத்தரங்கு நடக்கும். இப்போது எங்கள் துறையில் நடப்பதைப் போலத்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லாருக்கும் கண் சொக்குகிற நேரத்தில். முடிந்ததும் வேர்க்கடலை உண்டு என்பதால் கூட்டம் வரும்.

ஒரு வாரம் உண்ணிக்கொக்கு பேச வந்தது. நிலையான இடம் இல்லாமல் ஏரி ஏரியாக அலைந்து களைத்துப்போன பறவை அது. பேச்சு எடுபட்டால் இந்த ஏரியில் மீன் பிடிக்க அதற்கென்று ஓர் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். இனியும் பறக்க அதன் இறக்கையில் தெம்பில்லை.

ஈர மண்ணில் அலகால் கோடு கிழித்துக் கொக்கு பேசியது. குளம் எந்த வடிவத்தில் இருந்தாலும், நீர்ப்பரப்பையும் கரையின் நீளத்தையும் ஒரே நேர்க்கோட்டால் சரிபாதியாக்கலாம் என்பது அதன் தேற்றம்.

"நீரைப் பாதியாக்குற கோட்டை மெல்லத் திருப்பிக்கிட்டே வாங்க. முதல்ல கோட்டுக்கு இடப்பக்கம் கரை அதிகம்னு வச்சுக்குவோம். அரைச்சுற்று திரும்பினா பக்கம் மாறிடும், இடப்பக்கம் குறைவு. ஆக, நடுவுல எங்கேயோ ரெண்டு பக்கமும் சமமா இருக்கணும். இது தெளிவு."

ஓணான் முதல் வரியிலிருந்தே தலையாட்டிக்கொண்டிருந்தது. முயல் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியது. தலைமை தாங்கிய கீரி, "கேள்வி இருக்கா?" என்று கேட்டபடியே கடலைக் கூடையைத் தன் பக்கம் இழுத்தது.

"ஒண்ணு இருக்குங்க," என்றது கடைசி வரிசையில் இருந்த எருமை. "அதிகமா இருந்தது நடுவுல சமமாகாமலே, அந்த இடத்தைத் தாண்டிக் குறைவுக்குக் குதிச்சிட்டா?"

கூட்டம் பெருமூச்சு விட்டது. "அதான் தெளிவுன்னு சொல்லிட்டாங்களே," என்றது கீரி. "புரிஞ்சுதா?"

"இல்லைங்க. மென்னு பாத்துட்டுச் சொல்றேன்." எருமை எழுந்து மேய்ச்சல் நிலத்தைப் பார்த்து நடந்தது.

மற்ற எல்லாரும் கைதட்டினார்கள். கீரி நாணலோரம் ஓர் இடத்தைக் காட்டி, "இனி இது உங்களுக்குத்தான். நிம்மதியா இருங்க," என்றது.

கொக்கு அங்கே போய் நின்றது. காலடியில் மீன்கள் ஓடின. கண்ணை மூடினால் கோடு குதித்தது. இத்தனை ஏரிகளில் ஒருவர்கூடத் தன் பேச்சைக் காதில் வாங்கியதில்லை என்பது அதற்கு அப்போதுதான் உறைத்தது. வாங்கிய ஒரே ஆள் அதோ போய்க்கொண்டிருந்தது. கொக்குக்கு அழுகையாக வந்தது. பிறகு கரையேறி, காய்ந்த புல்லில் எருமையின் பின்னால் நடந்தது.

"எருமையாரே, குதிக்காதுன்னுதான் எனக்குத் தோணுது. ஆனா ஏன்னு சொல்லத் தெரியல."

"எனக்கும் தெரியலைங்க. மென்னுக்கிட்டிருக்கேன்."

"எப்ப சொல்வீங்க?"

"சொல்றேன். கூட வாங்க."

அன்று முதல்தான் எருமை அசைபோடுகிறது. உண்ணிக்கொக்கு ஏரியை விட்டுவிட்டு அதன் பின்னால் வயலில் நடக்கிறது. பூச்சிக்காகத்தான் நடக்கிறது என்பார்கள் விலங்கியல் துறையினர். இருக்கட்டும், அதற்கும் பசிக்கும்தானே. ஆனால் எருமை அசைபோடுவதை நிறுத்தும்போதெல்லாம், கொக்கு தலையை நிமிர்த்தி அதன் முகத்தையே பார்க்கிறது.