வெள்ளைப் பொட்டு

மெதுவாகத்தான் சொல்வேன். முடிவில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது, அதனால் சின்ன விஷயங்களையும் விடாமல் கேளுங்கள்.

கலியமூர்த்தியின் வலையில் ஓர் ஆமை சிக்கி, மூச்சு முட்டிச் செத்தது. கரைக்கு இழுத்தபோதும் அதன் கண் திறந்தே இருந்தது. வயிறு நிறைய முட்டை. அவன் மனைவி செண்பகத்துக்கு அப்போது ஐந்தாம் மாதம். அந்தக் கண்ணை அவள் பார்த்துவிட்டாள்.

"இதுங்களாவது பொழைக்கணும்ங்க. இல்லேன்னா அது என் வயித்தத் தேடி வரும்."

உடனே அவன் கைநீளத்துக்குக் குழி தோண்டி, ஆமையின் வயிற்றைக் கீறி எடுத்த அறுபது முட்டைகளையும் அடுக்கி, மணல் மூடி, வெயில் படாமல் கீற்று சாய்த்தான்.

செண்பகம் வயல் பக்கத்து ஊரில் கோழி வளர்த்தவள். கடற்கரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அடை முட்டையைப் புரட்டாவிட்டால் குஞ்சு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். அவன் கடலுக்குப் போனதும் தினமும் மணலை விலக்குவாள். மூன்றாம் நாள் பார்த்தால், முட்டைகளின் உச்சியில் சுண்ணாம்பு தொட்டு வைத்ததுபோல் வெள்ளைப் பொட்டு. பொட்டு கீழே போகும்படி புரட்டி வைத்தாள். வயிறு இடித்ததால் குழியின் அடிவரை குனிய முடியவில்லை.

நாத்தனார் தில்லையம்மா பார்த்துச் சிரித்தாள். "ஆமைக்கு அடைகாக்குற கோழிய இப்பத்தான்டி பாக்குறேன்."

ஐம்பதாம் நாள் காலையில், குழியிலிருந்து கடல்வரை மூன்றே மூன்று சிறு தடங்கள். தோண்டினார்கள். அடியில் கிழிந்த ஓடு மூன்று. மற்றதெல்லாம் நாற்றம். ஒன்றைப் பிரித்தால் உள்ளே கடுகளவில் இரண்டு கருங்கண்கள். அதற்குமேல் உடம்பு உருவாகவே இல்லை.

"தாய் கூப்பிட்டுக்கிச்சு" என்றாள் தில்லையம்மா.

செண்பகம் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு வெள்ளிக்கெழம பொரட்டாம விட்டுட்டேன். நான்தான் கொன்னுட்டேன்."

"மத்த நாளெல்லாம் பொரட்டுனியா?"

"ஒண்ணு விடாம."

கலியமூர்த்தி அடியில் கிடந்த ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "நீ இல்ல புள்ள. அதெல்லாம் வலையிலயே செத்துப்போச்சு. பாவம் என்னோடது."

இந்த மூவரில் யார் சொன்ன காரணம் சரி?

விடை: யாரும் இல்லை. செத்த முட்டையில் பொட்டு விழாது; கரு ஓட்டின் உச்சியில் போய் ஒட்டிய இடம் அது. ஆமைக் கரு ஒட்டிய இடத்திலேயே இருந்து வளர வேண்டும், புரட்டினால் அறுந்துபோகும். கை எட்டாத மூன்று மட்டும் பிழைத்தன. எட்டவிடாமல் தடுத்தது வயிற்றுப் பிள்ளை. இது கலியமூர்த்திக்கு அங்கேயே புரிந்துவிட்டது. இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை முதன்முதலாகக் குப்புற விழுந்த அன்று வீடே சிரித்தது. அவன் மட்டும் ஓடிவந்து, மூச்சு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தான்.