கிராங்கில் கீறல் இல்லை

போர் நடந்த காலம். பாதை மூடிக் கிடந்தது. கொழும்பிலிருந்து ஓர் ஆணிகூட வருவதில்லை.

துறையடியில் படகு இயந்திரங்களைத் திருத்திவந்தவள் எமில்டா. அவளிடம் தொழில் பழக வந்திருந்தார் கந்தவனம். டீசல் இல்லாமல் பேருந்துகள் நின்றுபோனதில் சாரதி வேலையை இழந்தவர். வயதில் அவர்தான் மூத்தவர். அவள் அவரை அண்ணை என்பாள்; அவர் அவளைத் தங்கச்சி என்பார்.

அன்று அவர்கள் முன்னால் பிரிந்து கிடந்தது, மண்ணெண்ணெயில் ஓடும் சவரிமுத்துவின் படகு இயந்திரம். எதிரே தெரியும் தீவுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோக வேறு படகு இல்லை. சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங்குகள் தேய்ந்து, உள்ளே டொக் டொக்கென்று தட்டிக்கொண்டிருந்த இயந்திரம் கடைசியில் நின்றுவிட்டது. புதிய பேரிங் வாங்க வழியில்லை. பழையதை உருக்கித் திரும்ப வார்க்க எமில்டா அடுப்பு மூட்டியிருந்தாள்.

சவரிமுத்து வந்தார்.

"இன்னும் முடியேல்லையோ? தீவில சனம் எனக்குக் கல்லெறியாத குறை. பொம்பிளையிட்ட இஞ்சினைக் குடுத்த என்னைச் செருப்பால அடிக்க வேணும்!"

"நாளைக்குப் பின்னேரம் வாங்கோ."

"நாளைக்கும் இதைத்தான் சொல்லுவாய்."

பக்கத்தில் இருந்த எண்ணெய்த் தகரத்தை உதைத்துவிட்டுப் போனார். எண்ணெய் மணலில் ஊறியது. அதுவும் கிடைக்காத பொருள்தான்.

கந்தவனம் துள்ளி எழுந்தார்.

"இஞ்சினை இப்பிடியே தூக்கி வெளியில போடுவம், தங்கச்சி. அந்தாள் வந்து காலில விழட்டும்."

அவள் தகரத்தை நிமிர்த்தி, மிச்ச எண்ணெயைப் பத்திரப்படுத்தினாள்.

"இவ்வளவு கேட்டும் நீர் ஏன் திருப்பி ஏசேல்லை?" என்றார் கந்தவனம்.

உருக்க வைத்திருந்த பேரிங் ஒன்றை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கோ."

தடவினார். ஈயம்போல மென்மையான அந்த உலோகத்தில் மணலும் இரும்புத் துகளும் புதைந்திருந்தன. விரலில் குத்தின.

"இப்ப கிராங்கைத் தடவுங்கோ."

அந்தப் பேரிங்குக்குள் இத்தனை காலமும் சுழன்ற இரும்புத் தண்டு அது. கண்ணாடிபோல வழுவழுத்தது. ஒரு கீறல் இல்லை.

கந்தவனம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் பேரிங்கைத் திருப்பி வாங்கி, உருக்கும் சட்டியில் போட்டாள்.

வார்த்தார்கள். விளக்குக்கரியைத் தண்டில் பூசிச் சுழற்றினார்கள். பேரிங்கில் கரி ஒட்டிய மேடுகளைச் சுரண்டினார்கள். மறுபடி பூசினார்கள், மறுபடி சுரண்டினார்கள். மறுநாள் பின்னேரம் இயந்திரம் தட்டாமல் ஓடியது.

சவரிமுத்து கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டார். தண்ணீர்ப் பீப்பாய்களை உருட்டத் தொடங்கினார். தனியே ஏற்ற முடியாமல் அவர் திணறியபோது கந்தவனம் போய் மறுபக்கம் பிடித்தார்.

படகு போயிற்று. அது தீவை நெருங்கும்வரை இருவரும் கரையில் நின்றார்கள்.

"எல்லாத்தையும் தனக்குள்ள வாங்கி வாங்கி, அந்தப் பேரிங் தேய்ஞ்சுதானே போச்சு, தங்கச்சி?"

"ஓம் அண்ணை," என்றாள் எமில்டா, தூரத்துப் படகில் இருந்து கண்ணை எடுக்காமல். "பேரிங்கை நாங்கள் இஞ்ச வார்க்கலாம். கிராங்கை இஞ்ச செய்யேலாது."