ஓடையில் விழுந்த பந்து

நீலகிரியில் ஒரு கோல்ஃப் கிளப். தலைவர் தணிகாசலம் கோபப்பட்டால் அன்றைக்கே யாருக்காவது சீட்டு கிழியும். அவருடைய பையைச் சுமப்பவன் போஜன்.

போட்டியில் குறைந்த அடிகளில் முடிப்பவருக்கே கோப்பை. கடைசிக் குழி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மெல்லத் தட்டினால் போதும். தலைவர் ஓங்கித் தட்டிவிட்டார். பந்து குழியைத் தாண்டி, சரிவில் உருண்டு, ஓடைக்குள் விழுந்தது.

"ஒரு அடி அபராதம். பழைய இடத்திலிருந்தே மறுபடி தட்டலாம்," என்றார் நடுவர்.

"எனக்கெதுக்கு அபராதம்? இந்தப் பயல்தான் வேணும்னே உதைச்சுத் தள்ளினான்! சொல்லுடா!"

இல்லையென்றாலும் போஜனுக்கு வேலை போகும், ஆமென்றாலும் போகும். போன மாதம் இன்னொரு பை சுமப்பவனான பெள்ளி இப்படித்தான் பெண்டாட்டி பிள்ளைகளோடு கொட்டும் மழையில் குவார்ட்டர்ஸைக் காலி செய்தான்.

கைகட்டிச் சொன்னான்: "ஐயா சொன்னா சரிதாங்க. உதைச்சேன்னே எழுதிக்குங்க. ஆனா, ஆட்டக்காரரோட சொந்த ஆளே வேணும்னு பந்தைத் தள்ளினா அவருக்கு ரெண்டு அடி அபராதம்னு விதியில இருக்குங்களே..."

"ஆமாம், ரெண்டுதான்," என்று நடுவர் பேனாவைத் திறந்தார்.

"இருய்யா, இருய்யா!" என்று தலைவர் பாய்ந்து அவர் கையைப் பிடித்தார். "இவன் எங்கேய்யா உதைச்சான்? பந்து தானா உருண்டு விழுந்ததை நானே கண்ணால பார்த்தேன்!"