ஒரு நாள் முந்திவந்த பதினேழு

ஒரு வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் ஒன்று தொங்கியது. அதில் ஒவ்வொரு தாளுக்கும் ஒரே நாள்தான் ஆயுசு. தன்மேல் அச்சடித்த ராசிபலனை அந்த ஒரு நாளுக்குள் நடத்திக்காட்டிவிட வேண்டும் என்பதில் தாள்களுக்கெல்லாம் பெரிய ரோஷம்.

வீட்டுக்காரர் கோமதிநாயகம், விருச்சிக ராசி. பதவி உயர்வு அவரைத் தாண்டிக்கொண்டு ஜூனியருக்குப் போன நாளிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்க்கவில்லை. காலையில் தேதியைக்கூடப் பார்க்கமாட்டார், ராசிபலன்தான். அதிலும் மூன்று மாதமாகப் பகை, செலவு, பயம் என்றே வந்துகொண்டிருந்தது.

பதினாறாம் தேதி காலையில் குளித்த ஈரக்கையோடு தாளைக் கிழித்தார். பதினைந்தோடு பதினாறும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அது அவருக்குத் தெரியவில்லை. பதினேழு கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது.

"ஏளா செண்பகம்! இன்னைக்கு எனக்கு மகிழ்ச்சி போட்டிருக்கான்!"

மனைவி செண்பகவல்லி அடுப்படியிலிருந்து கேட்டாள். "எனக்கு?"

"கடகம்... அலைச்சல்."

"அது என்னைக்குத்தான் இல்ல?"

கோமதிநாயகம் ஆபீசுக்கு லீவு சொன்னார். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, நாற்காலியை வாசலைப் பார்க்கப் போட்டார். அது ஆடியது. கிழித்த தாளை நாலாக மடித்து அதன் காலுக்கு அடியில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

"ஆபீசுக்குப் போகலியா?"

"நான் போயிட்டா, மகிழ்ச்சி வந்து கதவு பூட்டிக் கிடக்குன்னு திரும்பிப் போயிரும்லா?"

நாற்காலிக்கு அடியிலிருந்து நசுங்கிய குரல் ஒன்று வந்தது. "அடப்பாவி! இது என் நாள்! விருச்சிகத்துக்கு இன்னைக்கு கவலை! அவரை எழுந்திரிக்கச் சொல்லுங்க, மூச்சு முட்டுது!" பதினாறுதான்.

பதினேழுக்கு வேர்த்துவிட்டது. கவலை நாளில் மகிழ்ச்சிக்கு எங்கே போவது? சாயங்காலம்வரை ஒன்றும் வராவிட்டால் மனுஷர் கோபத்தில் தன்னையும் கிழித்துப்போடுவார். நாளை தனக்கென்று இருக்கிற நாளும் போய்விடும். தன் ஆயுசே இந்த மனுஷர் கையில் இருக்கிறதே என்று அது புலம்பியது.

"பயப்படாதே" என்றது சுவர்க்கடிகாரம். அது பத்து நிமிஷம் முந்தி ஓடும். அதனால் உலகத்தில் நடக்கப்போவதெல்லாம் தனக்கு முன்கூட்டியே தெரியும் என்று அதற்கு எண்ணம். "எப்படியும் கிழியத்தான் போறே."

பத்து மணிக்குக் கூரியர்காரர் வந்தார். கோமதிநாயகம் சட்டையை நீவிக்கொண்டு எழுந்தார். பார்சல் அடுத்த வீட்டுக்கு. பன்னிரண்டுக்கு சிலிண்டர் வந்தது. இரண்டு மணிக்கு ஒருவர் வந்து, தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் வேண்டுமா என்று அரைமணி நேரம் விளக்கினார்.

"பூரி நல்லா உப்பி வந்திருக்கு, வாங்க!" என்று நடுவில் செண்பகவல்லி கூப்பிட்டதற்கு, "இப்ப எந்திரிக்க முடியாது" என்று சொல்லிவிட்டார். பூரி பெருமூச்சு விட்டு அமுங்கிப்போனது.

நாலு மணிக்கு வானம் கறுத்தது.

"ஏங்க, மழை! துணி மொட்டை மாடியில கிடக்கு!"

"நான் எந்திரிச்ச நேரம் பார்த்து அது வந்துட்டா?"

"கிடக்கிறதெல்லாம் உங்க வேட்டிதான்!"

கோமதிநாயகம் பாய்ந்தார். நாற்காலி காலியானது. வாசல் கதவு திறந்தபடி கிடந்தது. மேலே தடதடவென்று ஓட்டம், "தொம்" என்று ஒரு சத்தம், அப்புறம் ஒரு சிரிப்பு. பிறகு இரண்டு சிரிப்பு.

"உஷ்!" என்றது பதினேழு. "சத்தம் போடாதீங்கப்பா. வாசல்ல மகிழ்ச்சி வர்ற காலடி கேட்காமப் போயிடும்."

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் சொட்டச் சொட்ட இறங்கி வந்தார்கள். அவர் சட்டைக் காலரைக் கவ்விக்கொண்டு ஒரு துணி கிளிப்பும் வந்தது.

"மேல என்ன நடந்துது?" என்றது கடிகாரம்.

கிளிப்புக்கு வாய் கொள்ளவில்லை. "போர்வை காத்துல பறந்து ஐயா தலையைச் சுத்திக்கிச்சு. கண்ணு தெரியாம நேரா போய்த் தண்ணி டேங்க்ல முட்டினாரு. முட்டிட்டு, 'மன்னிச்சுக்கோங்க சார்'னு டேங்க்கிட்ட சொன்னாரு! அம்மா சிரிச்சு அப்படியே தரையில உக்காந்துட்டாங்க. ஐயாவும் பக்கத்துல உக்காந்துட்டாரு. துணி பூரா நனைஞ்சுபோச்சு!"

கோமதிநாயகத்துக்கு டீ குடிக்கும்போதும் சிரிப்பு அடங்கவில்லை, புரை ஏறிற்று. தலையைத் தட்டிக்கொண்டே "சார்!" என்றாள் செண்பகவல்லி. மறுபடியும் சிரித்தார்கள். காலண்டர் பக்கம் யாரும் திரும்பவே இல்லை. தன்னைக் கிழிக்க ஆளில்லை என்று கண்டபோது பதினேழுக்கு நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது.

"என் நாளைக் கெடுத்துட்டாங்க!" என்று புலம்பியது பதினாறு. "கவலைன்னு எவ்வளவு தெளிவா அச்சடிச்சிருக்கு!"

மறுநாள் காலை பேப்பரைப் பார்த்தபோதுதான் கோமதிநாயகத்துக்கு விஷயம் புரிந்தது. "செண்பகம், இன்னைக்குத்தான் பதினேழு! அப்ப மகிழ்ச்சி இனிமேதான் வரணும்!"

நாற்காலியில் உட்காரப் போனார். செண்பகவல்லி நேற்று நனைந்த துணிகளை வாளியில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். அவர் வாசலைப் பார்த்தார். படியைப் பார்த்தார். பின்னாலேயே ஓடிப்போய் வாளியின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயய்யோ, வாசல்ல ஆளில்லையே!" என்றது கடிகாரம். "மகிழ்ச்சி வந்தா யார் கூப்பிடுறது?"

 பதினேழு வாசலைப் பார்ப்பதை விட்டுவிட்டு மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தது. மேலே இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது.

"அதான் வெயில் அடிக்குதே, காத்துகூட இல்லையே" என்றது நாற்காலிக்கு அடியிலிருந்து பதினாறு. "இப்ப எதுக்குடா சிரிக்கிறாங்க?"