சந்தனம் வைத்த ரிவால்வர்

ஜமீன் மாளிகையில் மிச்சமிருந்த ஒரே கம்பீரம், காலமான ஜமீன்தாரின் ரிவால்வர்தான். ஆயுதபூஜைக்கு ஆயுதபூஜை அவர் தம் கையாலேயே சந்தனம் வைத்து வைத்து, அதன் மரப்பிடியில் மஞ்சளாக ஒரு வட்டமே ஊறிப்போயிருந்தது.

பழம்பொருள்களை மதிப்பிடுகிற துரைசிங்கம் பட்டணத்திலிருந்து காரில் வந்து இறங்கினார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

“குழல் மாத்தினது. பிடியில கறை வேற. இது அசல் இல்லம்மா, வெறும் பழைய இரும்பு. போனாப் போகுது, நானே எடுத்துக்கிறேன்.”

ஜமீன்தாரின் மனைவி நாச்சியாருக்குக் கண் கலங்கியது. சமையல்கார மாடத்திக்குப் பொறுக்கவில்லை. ரிவால்வரை வாங்கி அம்மிமேல் வைத்துக் குழவியை ஓங்கினாள்.

“ஏய், என்ன செய்யிற?” என்று பதறினார் துரைசிங்கம்.

“துப்பாக்கியாக் கொண்டு போனா போலீஸ் பிடிக்கும் சாமி. நொறுக்கித் தாரேன். இரும்பு இரும்புதான?”

“ஐயையோ, நிறுத்து! நூறு வருஷத்து அசல் பீஸ்! ஒரு திருகாணிகூட மாத்தலை!” என்று அலறிய துரைசிங்கம், தம் வாயைத் தாமே பொத்திக்கொண்டார்.

கார் போனதும் நாச்சியார் கேட்டார்: “அவன் கத்தாம இருந்திருந்தா உடைச்சிருப்பியாடி?”

மாடத்தி குழவியைக் கீழே வைத்தாள்.

“ஐயா சந்தனம் வச்ச சாமான் மேல என் கை இறங்குமா, நாச்சியாரே?”