பாலக்காடு வரைக்கும் திரும்பாத கார்

பழைய காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கணும்னா வண்டியக் கொண்டுபோய் ஆர்.டி.ஓ. மைதானத்துல நிறுத்திட்டு, இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் காத்துக் கெடக்கணும். அன்னைக்கு வரிசையில நாங்க நாலு பேர். முதல்ல தெய்வசிகாமணியோட வெள்ளைக் கார். கோழித்தீவனக் கடை வச்சிருக்கிறவர். காருக்கு வயசு இருபது. அடுத்தது என்னோடது. எனக்குப் பின்னால ராக்கியப்பனோட ஜீப்பு, அதுக்கும் பின்னால ஜெசிந்தா டீச்சரோட சின்னக் கார். வேப்பமர நிழல் ஒரு வண்டிக்குத்தான் பத்தும். அதனால ஆளுங்க நாலு பேரும் நிழல்ல, வண்டிங்க நாலும் வெயில்ல.

"ஸ்டியரிங் இறுக்கமா இருந்தா பாஸ் பண்ண மாட்டாராமுங்க" என்று ராக்கியப்பன் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது.

"இறுக்கத்தப் பத்தி என்னக் கேளுங்க" என்று தெய்வசிகாமணி துண்டை உதறித் தோள்ல போட்டார். "போன மாசம் என் வண்டி இருந்த இருப்புக்கு, ஸ்டியரிங்கத் திருப்பித் திருப்பி வலது கை மட்டும் பருத்துப் போச்சுங்க. சட்டை தைக்கப் போனா டெய்லர் ரெண்டு பேருக்கு அளவு எடுத்தான். இடது கை எனக்கு, வலது கை வேற யாருக்கோன்னு நோட்டுல எழுதி வச்சான்."

ஜெசிந்தா டீச்சர் அவரோட வலது கையப் பாத்தாங்க. குச்சி மாதிரி இருந்துச்சு.

"இப்ப இளைச்சுப் போச்சுங்க டீச்சர். அப்ப நீங்க பாக்கலையே. அது போகச் சத்தம் வேற. திருப்பும்போதெல்லாம் வண்டி 'ஊஊ'ன்னு அழுகும். ஒரு நாள் கன்னுக்குட்டியத் தொலைச்ச மாடு ஒண்ணு அந்தச் சத்தத்தக் கேட்டுட்டு, கடையில இருந்து வீடு வரைக்கும் வண்டி பின்னாலயே வந்துருச்சு. பானெட்ட நக்கிக்கிட்டே நின்னுச்சு. என் சம்சாரம் சம்பூர்ணம் சொம்போட வந்து பால் கறந்துட்டுத்தான் அனுப்புனா."

"சரி, அப்புறம்?" என்றேன். கேக்காட்டியும் சொல்லத்தான் போறாரு.

"ஒரு நாள் காலையில கடைக்குக் கிளம்புனேன். ரவுண்டானாவுல இடது பக்கம் திரும்பணும். திருப்புனேன், அசையல. காலத் தூக்கி டேஷ்போர்டுல முட்டுக் குடுத்து இழுத்தேன், அசையல. பின்னால பஸ்காரன் ஆரன் அடிக்கிறான். மானம் போகுதேன்னு, திரும்பற எண்ணமே இல்லாத ஆளு மாதிரி நேராப் போயிட்டேன். அடுத்த முக்குல திருப்பிக்கலாம்னா அங்கயும் அதே கதை. பொள்ளாச்சி போச்சு. கோபாலபுரம் போச்சு. சம்பூர்ணம் போன் பண்ணி எங்க இருக்கீங்கன்னு கேட்டா. பாலக்காடுன்னேன். சரி, வரும்போது நேந்திரம் சிப்ஸ் வாங்கிட்டு வாங்கன்னு வச்சுட்டா."

"அந்த ரோட்டுல எத்தன வளைவு இருக்குது" என்றார் ராக்கியப்பன். "நேராப் போனா நீங்க தென்னந்தோப்புலதான் போயிருக்கணும்."

"தோப்பு வழியாத்தாங்க போனேன். மரத்துக்கு மரம் நடுவுல ஒரு கார் போற எடம் விட்டுத்தானே நட்டிருக்காங்க."

"திரும்பி எப்படி வந்தீங்க?" என்று டீச்சர் கேட்டாங்க.

"திரும்பவே இல்லைங்க டீச்சர். ரிவர்ஸ்லயே வந்தேன். வீட்டுக்கு வந்து எறங்குன பின்னாலயும் கழுத்து மூணு நாள் பின்பக்கமே பாத்துக்கிட்டு இருந்துச்சு. சோறு திங்க நான் தட்டுக்கு முதுகக் காட்டித்தான் உக்காரணும்."

டீச்சர் கைக்குட்டையால வாயப் பொத்திக்கிட்டாங்க.

"சிரிக்காதீங்க. அன்னைக்குத்தான் சம்பூர்ணம் கெடு வச்சா. புதன்கிழமை அவ அக்கா மகளுக்குத் தாராபுரத்துல வளைகாப்பு. அதுக்குள்ள வண்டி திரும்பலைன்னா காயலான் கடையில போட்டுருவேன்னுட்டா. வண்டியத்தானேன்னு கேட்டேன். என்னய ஏற எறங்கப் பாத்துட்டு உள்ள போயிட்டாளுங்க. மனசு சங்கடமாப் போச்சு. இந்த வண்டியிலதான் எங்க மூணு பிள்ளைகளையும் ஆஸ்பத்திரியில இருந்து கூட்டிட்டு வந்தேன்."

இதச் சொன்னப்ப மட்டும் அவரு குரல் நெசமா இறங்குச்சு. உடனே சுதாரிச்சுக்கிட்டாரு.

"பானெட்டத் தொறந்து பவர் ஸ்டியரிங் ஆயில் டப்பாவப் பாத்தேன். உள்ள தார் மாதிரி கருப்பா, கருகுன வாசத்தோட ஒண்ணு கெடக்குது. மூடியில எந்த ஆயில் ஊத்தணும்னு எழுதியிருக்கும். வெயில்ல அழிஞ்சு போச்சு. எண்ணெயெல்லாம் எண்ணெய்தானேன்னு அடுப்படியில இருந்து நல்லெண்ணெய எடுத்து ஊத்திட்டேன்."

"அட, படிச்ச மனுசன் செய்யற வேலையா?" என்றார் ராக்கியப்பன்.

"எட்டாவதுதானுங்க. ஊத்துனது சனிக்கிழமை பாருங்க. எண்ணெய் தேச்சுக் குளிச்ச ஆளு மாதிரி வண்டி படுத்துத் தூங்கிருச்சு. ரெண்டு நாள் எழவே இல்ல. மூணாம் நாள் கெளப்புனா என்ஜின் சூட்டுல எண்ணெய் காஞ்சு, தெருவே தோசை வாசம். நாலு வீட்டுக்காரங்க தட்டோட வந்து வரிசையில நின்னுட்டாங்க."

"ஜக்கரியா பாய்கிட்டப் போக வேண்டியதுதானே" என்றேன். ஜக்கரியா பாய் எங்க ஊர் மெக்கானிக்.

"போனேன். வண்டி கூட வந்த புஸ்தகம் எங்கன்னாரு. இருபது வருசமா அத நான் ஆடுற கட்டிலுக்கு அண்டக் குடுத்திருக்கேன். உருவி எடுத்துப் பாத்தா அதுல தெளிவாப் போட்டிருக்குது. ஒரு வண்டிக்கு ஆட்டோமேட்டிக் கியருக்கு ஊத்தற செகப்பு ஆயில், இன்னொரு வண்டிக்குத் தனி ஆயில், மாத்தி ஊத்துனா ரப்பர் சீலெல்லாம் கெட்டுப் போகும்னாரு பாய். என்னுது செகப்பு. பழச உறிஞ்சி எடுத்துட்டுப் புதுச ஊத்து, வண்டிய ஓட விட்டு ஸ்டியரிங்க இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பு, மறுபடி உறிஞ்சு, செகப்பாவே வர்ற வரைக்கும் செய்யின்னாரு. கோழிக்கு ஊசி போடற சிரிஞ்சி கடையில இருந்துச்சு. உக்காந்துட்டேன்."

"எத்தன தடவ?"

"ஒரே நாள்ல எண்ணூறு. டப்பா ஒரு லிட்டர் கூடப் பிடிக்காது, ஆனா நான் எடுத்தது ஆறு குடம். அஞ்சாவது குடத்துல வண்டி வாங்குனப்ப ஊத்துன ஆயில் வந்துச்சு. ஆறாவதுல கம்பெனிக்காரன் ஊத்தறதுக்கு முன்னால இருந்த ஆயிலும் வந்துருச்சு. இன்னும் உறிஞ்சுனா கம்பெனிக்காரனே வந்துருவான்னு நிறுத்திட்டேன்."

ராக்கியப்பன் எழுந்து தன் ஜீப்பப் பாக்கப் போறவரு மாதிரி ரெண்டடி வச்சாரு. அப்புறம் மனசு கேக்காம வந்து உக்காந்துக்கிட்டாரு.

"அதுக்கப்புறம் பாருங்க லேசு. ஒரு விரல்ல திரும்புச்சு. மறுநாள் விரல் கூட வேண்டாம், ஊதுனாப் போதும். தும்முனேன், வண்டி வந்த வழியே திரும்பிருச்சு. கொட்டாவி விட்டா லாரி ஸ்டாண்டுக்குள்ள போயிருது. புதன்கிழமை சம்பூர்ணத்த ஏத்திக்கிட்டுத் தாராபுரம் கெளம்புனேன். மூச்சப் பிடிச்சுக்கிட்டு ஓட்டறேன். அப்பவும் வண்டி வளையல் கடை முன்னால போய் நின்னுச்சு. நான் திருப்பல. அவ வாயத் தொறக்கல. மனசுல நெனச்சிருக்கா. அடுத்தது பூக்கடை. அப்புறம் அவ சின்னம்மா வீடு. நான் இடது பக்கம்னு நெனச்சுப் பாத்தேன், கத்திப் பாத்தேன், கும்பிட்டுப் பாத்தேன். கேக்கல. அவ நெனச்சதத்தான் கேக்குது."

"அதுக்கு ஆயில் மாத்த வேண்டியதே இல்லையே" என்றாங்க டீச்சர். "உங்க வீட்டுல எப்பவும் அப்படித்தான் இருந்திருக்கும்."

"அதத்தானுங்க நானும் சொல்ல வர்றேன். நம்ம கையில ஸ்டியரிங் இருக்குதுன்னு இருபது வருசம் நம்பிட்டேன் பாருங்க."

அந்நேரம் இன்ஸ்பெக்டர் ஜீப்பு வந்து நின்னுச்சு. எறங்கி, பேப்பரப் பாத்து, "முதல் வண்டி, எடுத்துட்டு வாங்க" என்றார்.

தெய்வசிகாமணி போய் சீட்டுல உக்காந்து சாவியத் திருகுனாரு. 'டிக்'குன்னு ஒரு சத்தம். மறுபடி திருகுனாரு. அந்தச் சத்தமும் இல்ல. கண்ணாடிய இறக்கி எங்களப் பாத்தாரு. இன்ஸ்பெக்டர் கடிகாரத்தப் பாத்தாரு. நான், ராக்கியப்பன், ஜெசிந்தா டீச்சர் மூணு பேரும் பின்னால போய்க் கை வச்சோம். கொளுத்தற வெயில்ல வண்டி மெதுவா நகந்துச்சு.

முன்னால இருந்து தலைய வெளிய நீட்டி, "பாத்தீங்களா, எவ்வளவு லேசாப் போகுது" என்றார் தெய்வசிகாமணி.

"லேசாத்தானுங்க இருக்கும்" என்றார் ராக்கியப்பன். "நாங்கதானே தள்ளறோம்."